உறையின் நிறமும் உள்ளே ஒரு வரியும்

தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் அமைந்த வண்டூர், படகுத்துறையாலேயே வெளியூரார்க்கு அறிமுகமான ஊர். 1983 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு இங்கிருந்துதான் படகேற வேண்டும். அனுமதிச் சீட்டைக் காட்டாமல் படகில் கால் வைக்க இயலாது. இந்தியருக்கு ஒரு கட்டணம், அயல்நாட்டவருக்கு வேறு கட்டணம். கையிலுள்ள தாள் ஒருவரை எந்த வரிசையில் நிறுத்துகிறது என்பதை அத்துறையில் காத்திருப்போர் நன்கு அறிவர்.

அவ்வூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொத்து வேலைக்குச் சென்றவர். தம்பி பத்தாம் வகுப்பில் தேறி, சுற்றுலா விடுதியொன்றின் சமையற்கூடத்தில் பணிபுரிகிறார். இருவருக்கும் துபாயில் வேலை கிடைக்கும் வாய்ப்பு வருகிறது. ஒரே நாளில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கின்றனர், கட்டணமும் ஒன்றே. சில வாரங்களில் அஞ்சலில் வந்த இரண்டு கடவுச்சீட்டுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன: அடர்நீல உறை, பொன்னிறச் சிங்க முத்திரை, முப்பத்தாறு பக்கங்கள், பத்தாண்டுச் செல்லுபடிக் காலம். ஆனால் அண்ணனுடைய கடவுச்சீட்டின் உள்ளே மட்டும் ஒரு குறிப்பு கூடுதலாக அச்சாகியிருக்கிறது. குடிபெயர்வுச் சோதனை தேவை என்பது அதன் பொருள். மக்கள் வழக்கில் அதற்கு இ.சி.ஆர். என்று பெயர்.

அந்தக் குறிப்பு உள்ளேயே இருக்க வேண்டுமா, உறையின் நிறமாக வெளியே வர வேண்டுமா என்ற கேள்வி 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் பேசப்பட்டது. அச்சக ஏற்பாடு போலத் தோன்றிய அந்த முடிவு, அறிவிக்கப்பட்ட மாதத்திலேயே கைவிடப்பட்டது. வேலைக்காகக் கடல் கடந்தவர் இல்லாத தெருவே அரிதாகிவிட்ட தமிழ்ச் சமூகம் அதன் உட்பொருளை அறிந்து வைத்திருப்பது பயனுள்ளது.

முதலில் அந்தக் குறிப்பு எதற்காக என்பதைப் பார்ப்போம். வண்டூர்ப் பூங்கா பிறந்த அதே 1983 இல் நாடாளுமன்றம் இயற்றியது குடிபெயர்வுச் சட்டம். வளைகுடா நாடுகளுக்குத் தொழிலாளர் பெருந்தொகையாகச் சென்றுகொண்டிருந்த காலம் அது. முகவரிடம் பணத்தை இழந்தவர்கள், சொல்லப்பட்ட வேலை ஒன்றும் கிடைத்த வேலை வேறொன்றுமாகத் தவித்தவர்கள் எனப் பலர் இருந்தனர். படிப்புக் குறைந்தவர்களே எளிதில் ஏமாற்றப்படுகின்றனர் என்று கருதிய அரசு, அத்தகையோர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும் என்று வகுத்தது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட பதினெட்டு நாடுகள் இப்பட்டியலில் உள்ளன. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ வேலைக்குச் செல்பவருக்கு இந்த அனுமதி தேவையில்லை.

அனுமதி என்றதும் தடை என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அதனுள் அடங்கியிருப்பவை தொழிலாளிக்குச் சாதகமானவை. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆட்சேர்ப்பு முகவர் அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவுக்காக அவர் வங்கி உத்தரவாதம் அளித்திருக்க வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீட்டில் தொழிலாளி சேர்க்கப்பட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் என்னும் சிறு தொகைக்கு, விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் அதில் கிடைக்கும். தம்பிக்கு இத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே இப்பாதுகாப்புகள் தாமாக வந்து சேர்வதும் இல்லை. அவ்வகையில் நோக்கினால், உள்ளே அச்சாகியிருக்கும் குறிப்பு அண்ணனுக்கு அரசு பிடித்த குடை.

கடவுச்சீட்டின் உறைக்கு வேறுபட்ட நிறம் இடுவதும் நமக்குப் புதிதன்று. வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித உரிமையின் ஒரு கூறு என்று 1967 இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சாதாரணம், அலுவல்முறை, தூதரகம் என மூன்று வகைகளை அச்சட்டம் கூறுகிறது. முதலாவது நீலம், அரசுப் பணியாகச் செல்வோருக்கு வெள்ளை, தூதரகப் பொறுப்பினருக்கு அரக்குச் சிவப்பு. இந்த நிறங்கள் ஒருவர் வகிக்கும் பணியைக் காட்டுகின்றன. பதவி முடிந்ததும் வெள்ளை உறையும் அரக்கு உறையும் திரும்பப் போய்விடும். அவரும் நீல உறைக்கு வந்துவிடுவார். குடிமக்கள் என்ற அளவில் அனைவருக்கும் நிறம் ஒன்றே என்பதுதான் வழக்கமாக இருந்தது.

2018 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்த மாற்றம் இங்குதான் வேறுபட்டது. அது தொழிலாளர் தொடர்பாகத் தொடங்கியதே அன்று என்பது பலருக்கும் தெரியாத செய்தி. கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், வாழ்க்கைத் துணை ஆகியோரின் பெயர்களும் முகவரியும் அச்சிடப்படுகின்றன. கணவரைப் பிரிந்து குழந்தையைத் தனியே வளர்க்கும் தாய்மார்கள், தந்தையின் பெயர் அங்கு வேண்டாம் என்று நெடுங்காலமாக வேண்டி வந்தனர். தத்தெடுத்த பெற்றோருக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. வெளியுறவு அமைச்சக அதிகாரிகளும் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சக அதிகாரிகளும் அடங்கிய மூவர் குழு இதனை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளின் வழியே, அந்தக் கடைசிப் பக்கத்தையே அச்சிடாமல் விட்டுவிடலாம் என்ற முடிவு பிறந்தது. ஒரு தாயின் மனவேதனையைத் தீர்க்கப் பக்கமொன்றை நீக்குவதில் குறை சொல்ல யாருக்கும் இடமில்லை.

ஆனால் குடிபெயர்வுச் சோதனைக் குறிப்பும் அதே பக்கத்தில்தான் இருந்தது. பக்கம் போனால் குறிப்பு எங்கே போகும்? அமைச்சகம் கண்ட விடை எளிமையானது: குறிப்பு உள்ளவர்களின் கடவுச்சீட்டுக்கு ஆரஞ்சு நிற உறை இடலாம், மற்றவர்களுக்கு நீலம் தொடரும். நிர்வாகக் கண்ணோட்டத்தில் இதில் ஒரு தருக்கம் உண்டு. விமான நிலையத்தில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரைச் சோதிக்கும் அலுவலர், உறையைக் கண்ட அளவிலேயே யாருக்குச் சோதனை தேவை என்று அறிந்துகொள்வார். வேலை விரைவாகும்.

இம்முடிவை வகுத்தவர்கள் கணக்கில் கொள்ளாதது, உறையைப் பார்ப்பவர் அந்த அலுவலர் மட்டுமல்லர் என்பதே. உள்ளே அச்சான வரியைப் படிப்பவர், படிக்கும் கடமையுள்ள ஒருவர்தாம். உறையின் நிறத்தையோ பயண முகவரின் உதவியாளர் பார்ப்பார். வரிசையில் பின்னால் நிற்பவர் பார்ப்பார். விமானப் பணியாளர், விடுதி வரவேற்பாளர், அயல்நாட்டு முதலாளி, அவருடைய மேற்பார்வையாளர் என எல்லோரும் பார்ப்பர். கையில் ஆரஞ்சு நிறம் இருந்தால் இவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர், வரி கட்டும் அளவுக்கு வருவாய் இல்லாதவர் என்று பொருள். அறிமுகமற்ற ஊரில் இறங்கும் தொழிலாளி தன் வாயால் ஒரு சொல்லும் கூறுமுன் அவருடைய உறை அவரைப் பற்றிப் பேசிவிடும். ஏமாற்ற நினைப்பவருக்கு, யாரை ஏமாற்றலாம் என்று அடையாளம் காட்டிக் கொடுக்கும் நிறமாகவும் அது ஆகியிருக்கும். பாதுகாக்க வந்த குறியே அவரைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு, வங்கியில் பணிபுரிவோர் உடனே உணர்ந்தது அது. இந்திய ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் விதிகளில் கடவுச்சீட்டு, அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஒருசேரச் சான்றாகும் ஆவணங்களுள் ஒன்று. கணக்குத் தொடங்க வருபவரிடம் நம் கிளைகளில் பிரதி கேட்பது முதற்பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். கடைசிப் பக்கம் வெறுமையானால் முகவரிச் சான்று என்னும் தகுதியும் போய்விடும். நீல உறையினருக்கும் அந்த இழப்பு உண்டு என்பதால், எதிர்ப்பு தொழிலாளர் குடும்பங்களோடு நின்றுவிடவில்லை.

வளைகுடாவுக்கு மிகுதியாக மக்களை அனுப்பும் கேரளத்தில் எதிர்ப்பு வலுத்தது. அம்மாநில முதலமைச்சர் எழுத்து வழியே தம் மறுப்பைத் தெரிவித்தார். உயர் நீதிமன்றத்திலும் வழக்கு தொடரப்பட்டது. குடிமக்களை முதல்தரம், இரண்டாம்தரம் என்று பிரிப்பதாகும் இது என்பதே எங்கும் ஒலித்த குரல். 2018 ஜனவரி 30 அன்று அமைச்சகம் தன் இரு முடிவுகளையும் திரும்பப் பெற்றது: கடைசிப் பக்கம் முன்போலவே அச்சிடப்படும், ஆரஞ்சு உறை வழங்கப்பட மாட்டாது. தவற்றைச் சில நாள்களில் திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கதே. ஆயினும் கடைசிப் பக்கத்தால் வருந்திய தாய்மாரின் சிக்கலுக்கு அந்த வழியில் கிடைக்கவிருந்த தீர்வும் உடன் போயிற்று என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

எதிர்ப்பு ஏன் இவ்வளவு கூர்மையாக எழுந்தது என்பதற்கு அந்தமானிலிருந்தே ஒரு பழைய விடை உண்டு. தண்டனைக் குடியிருப்புக் காலத்தில் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில்) இறக்கப்பட்ட கைதிகளின் கழுத்தில் மரச்சீட்டு ஒன்று தொங்கவிடப்பட்டது. கைதியின் எண், தண்டிக்கப்பட்ட சட்டப்பிரிவு, விடுதலை நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டன. ஆபத்தானவர் என்று கருதப்பட்டவர்களுக்கு அதற்கெனத் தனி எழுத்து. சீட்டைப் பார்த்தாலே மனிதனைப் படித்துவிடலாம் என்ற ஏற்பாடு அது.

குற்றம் ஏதும் செய்யாத தமிழரும் இத்தகைய சீட்டைச் சுமந்ததுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளருக்குத் தகரச் சீட்டு என்னும் உலோக வில்லை தரப்பட்டது. அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அதிலிருந்த எண்கள் காட்டின. வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கிச் சென்ற வணிகரின் கையில் அது இருந்ததில்லை. அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களில் ஒரு பகுதியினர் 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிமக்களாக ஏற்கப்பட்டு, இந்தியக் கடவுச்சீட்டுடன் தாயகம் திரும்பினர். அவர்களுள் சில குடும்பங்கள் நிக்கோபார்த் தொகுதியின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. தகர வில்லையில் தொடங்கிய ஒரு குடும்பத்தின் பயணம் கடவுச்சீட்டில் முடிந்ததை நேரில் கண்ட தீவுக்கூட்டம் இது. தொழிலாளிக்கு மட்டும் தனி நிறம் என்ற செய்தி அங்கு வெறும் அச்சக விவரமாகக் கேட்டிருக்காது.

பிற நாடுகளும் இக்கேள்வியைச் சந்தித்துள்ளன. நமக்கு மிக நெருங்கிய உவமை பசிபிக் கடலின் தீவொன்றில் கிடைக்கிறது. அமெரிக்கச் சமோவாவில் பிறந்தோர் அமெரிக்க நாட்டினர். ஆனால் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர். அவர்களுக்கும் மற்ற அமெரிக்கரின் அதே நீலக் கடவுச்சீட்டுத்தான். இவர் நாட்டினர், குடிமகன் அல்லர் என்னும் குறிப்பு உள்ளே மட்டும் அச்சிடப்படுகிறது. அந்த வேறுபாடே நியாயமா என்று நீதிமன்றங்களில் வழக்காடினர்; எனினும் விமான நிலைய வரிசையில் அது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. பிரிட்டனிலோ ஆறுவகை நாட்டினர் உண்டு. ஹாங்காங்கில் வழங்கப்பட்ட பிரிட்டிஷ் கடல்கடந்த நாட்டினர் கடவுச்சீட்டும் பிரிட்டிஷ் குடிமகனின் கடவுச்சீட்டும் தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. இலண்டனில் குடியிருக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை உள்ளே உள்ள தேசியம் பற்றிய வரியே முடிவு செய்கிறது.

எஸ்டோனியா வேறு வழியில் சென்றது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்றி அங்கு தங்கிவிட்டவர்களுக்குச் சாம்பல் நிற உறையுடன் கூடிய அயலார் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. விளைவு, சாம்பல் கடவுச்சீட்டுக்காரர் என்பதே அம்மக்களைக் குறிக்கும் பெயராயிற்று. அவர்கள் அந்நாட்டின் குடிமக்கள் அல்லர்; ஆகவே நம் நிலையோடு முழுதும் ஒப்பிட இயலாது. ஆயினும் உறையின் நிறம் எவ்வளவு விரைவில் மனிதரின் பெயராகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் நாட்டில் ஆரஞ்சு உறை நடைமுறைக்கு வந்திருந்தால் ‘ஆரஞ்சுக்காரர்’ என்னும் சொல் வழக்கில் வர எத்தனை மாதங்கள் ஆகியிருக்கும்?

பன்னாட்டு விதிகளும் நிறத்தை வலியுறுத்துவதில்லை. கடவுச்சீட்டின் அளவையும், புகைப்படப் பக்கத்தின் அடியில் கணினி படிக்கும் இரண்டு வரிகளையும் பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு வரையறுக்கிறது. ஒவ்வொரு வரியிலும் 44 எழுத்துகள். உறையின் நிறம் அந்தந்த நாட்டின் விருப்பம். இன்று குடிபெயர்வு அனுமதி ‘இ-மைகிரேட்’ என்னும் இணையத் தளத்தின் வழியாகவே வழங்கப்படுகிறது. கடவுச்சீட்டு எண்ணைத் தட்டினால் அலுவலரின் திரையில் விவரம் தோன்றிவிடும். ஆகவே உறையில் மட்டுமன்று, உள்ளே கூட அந்த வரி இனி தேவைதானா என்று கேட்பதில் தவறில்லை. அண்மையில் வழங்கப்பட்டு வரும் மின்னணுக் கடவுச்சீட்டின் உறையில் சில்லைக் குறிக்கும் பொன்னிறச் சின்னம் ஒன்று புதிதாக இடம்பெற்றுள்ளது. அது கல்வித் தகுதியைப் பார்த்து இடப்படுவதில்லை.

உறை எந்த நிறமாயினும் அண்ணனுக்கு உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இ.சி.ஆர். குறிப்பு உள்ளவர் சுற்றுலாவாகவோ உறவினரைக் காணவோ செல்லக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. இதைப் பயன்படுத்திச் சில முகவர்கள், “இப்போது பார்வையாளர் விசாவில் போங்கள், அங்கு போனபின் வேலை விசாவாக மாற்றிக் கொள்ளலாம்” என்று கூறி அனுப்புகின்றனர். இவ்வாறு சென்றவருக்குப் பதிவான ஒப்பந்தம் இல்லை, கட்டாயக் காப்பீடு இல்லை. ஊதியம் மறுக்கப்பட்டால் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. குடையை மடித்து வைத்துவிட்டு மழையில் இறங்குவதற்கு ஒப்பான செயல் இது. முகவர் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சட்டப்படி அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. பெருந்தொகை கேட்பவரிடம் பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகச் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பாதுகாப்பது நலம். தமிழ்நாட்டில் இருப்போருக்கு 1978 முதல் இயங்கிவரும் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நம்பத்தக்க வழி.

அக்குறிப்பு நிலையானதும் அன்று. பத்தாம் வகுப்பில் தேறியதற்கான சான்றிதழ் கிடைத்ததும் மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து அதனை நீக்கிக் கொள்ளலாம். பள்ளிக்குத் திரும்ப இயலாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக அத்தேர்வை எழுதலாம். வருமான வரி செலுத்துவோர், ஐம்பது வயது கடந்தோர், மூன்றாண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தோர், ஈராண்டுத் தொழிற்பயிற்சிச் சான்று பெற்றோர் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. கப்பல் பணியை நாடும் தீவு இளைஞர்கள் கவனிக்க வேண்டியது, சி.டி.சி. என்னும் கடலோடிகளுக்கான பணிச்சான்று வைத்திருப்போரும் இவ்விலக்கில் அடங்குவர். முப்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு இ.சி.ஆர். நாடுகளில் வேலைக்கான அனுமதி வழங்கப்படுவதில்லை. அவர்களிடம் விரைவாக அனுப்பிவிடுகிறோம் என்று கூறும் முகவரைத் தவிர்த்தல் வேண்டும்.

புறப்படுமுன் வங்கியில் முடிக்க வேண்டியவை சில உள்ளன. வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து ‘வெளிநாடு வாழ் இந்தியர்’ என்னும் நிலை அடைந்தவர், தம் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்வது கட்டாயம். அங்கிருந்து அனுப்பும் ஊதியத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஏற்றது, அதிலுள்ள தொகையைத் தேவையானபோது வெளிநாட்டுக்கே திரும்ப எடுத்துச் செல்லலாம். கணக்குக்கு நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக் கொள்ள வேண்டும். கடைசியாக, நீல உறையைத் திறந்து அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள். அங்குள்ள முகவரி பழையதாக இருப்பின், கணக்குத் தொடங்கும்போது மின்கட்டண இரசீது போன்ற சான்றைத் தற்காலிகமாக அளிக்கலாம். புதிய முகவரியுடன் கூடிய ஆவணத்தை மூன்று மாதங்களுக்குள் கிளையில் சமர்ப்பிக்க வேண்டும்.